பீங்கான் கோப்பையில் ஒரு தேத்தண்ணி

சென்ற மாதம் ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், என் தெருவிலேயே இருக்கிற ஒருவரின் மகள். நான் வேலை செய்து இளைப்பாறிய அதே ஆஸ்பத்திரியில், அதே இரத்த வங்கியில் இப்போது வேலை செய்கிறாள். கறுப்பினப் பெண்களும் எங்களைப் போன்றவர்களும் வேலையில் மேலே போவதற்கு என்னென்ன தடைகள் இருந்தன என்று பேச ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். போஸ்டர்கூட அடித்தாகிவிட்டதாம்.

"அன்ரி, ஜஸ்ட் ஒரு பத்து நிமிஷம். எப்பிடி ஓவர்கம் பண்ணினீங்கள் எண்டு இன்ஸ்பயரிங்கா சொல்லுங்கோ, ப்ளீஸ்."

"பிள்ளை, ஓவர்கம் பண்ணினது நானில்லை. அது க்ளோடெட்."

"அப்ப அவவைக் கூப்பிடுவமா?"

"அவ ஜமேக்காவுக்குப் போயிட்டா. பென்சன் எடுத்துக்கொண்டு கடற்கரையோரமா இருக்கிறா."

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்கோ."

நல்ல கதை. பந்தியில் இருந்து சாப்பிட்டவள் எழும்பிப் போய்விட்டாள்; இலை எடுத்தவளைப் பிடித்து ருசி கேட்கிறார்கள். எனக்கு ஊக்கம் தரத் தெரியாது, என்னை விடு பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லாத மனுசிக்கு ஒரு கேள்வி போதும், ஒரு கிழமைக்கு அதுவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தேன். எண்பதுகளில் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன், மாலையில் படித்தேன், பரீட்சை எழுதினேன், பிள்ளை பெற்றேன், பிறகும் பரீட்சை எழுதினேன். எப்படியோ தென் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் மாடியில், இரத்த வங்கியில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கேதான் க்ளோடெட்டைச் சந்தித்தேன்.

அவளுடைய பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது பிரிக்ஸ்டனில். அண்ணன்மாருக்குப் பிறகு கடைசியாகப் பிறந்து, சாப்பாட்டு மேசையில் கத்தாவிட்டால் கோழிக்கால் கிடைக்காது என்று வளர்ந்த குரல் அவளுடையது. அவள் என்னுடன் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவள் என் ஊர்த் தமிழில்தான் பேசுகிறாள், அப்படியே எழுதுகிறேன். எங்கள் மேலாளர் மால்கம் பேசியதை மட்டும் எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலம் எப்போதும் இஸ்திரி போட்டபடிதான் இருக்கும்.

எங்கள் வேலையை விளங்கப்படுத்தாவிட்டால் மற்றது விளங்காது. ஒருவருக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முன், அந்தப் பையும் அந்த ஆளும் பொருந்துகிறார்களா என்று சோதித்து, பையில் அட்டை கட்டி வார்டுக்கு அனுப்புவோம். பை எங்கள் கதவைத் தாண்டுவதற்கு முன் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் அட்டையில் இருப்பதை வாய்விட்டு வாசிப்பார்: பெயர், பிறந்த திகதி, ஆஸ்பத்திரி இலக்கம், இரத்த வகை, பையின் இலக்கம். மற்றவர் தன் கையிலுள்ள பதிவைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் சரி சொல்வார். கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். காதையும் சேர்த்துக்கொண்டால் பிழை பிடிபடும். க்ளோடெட் வாசிக்கும்போது தாழ்வாரக் கடைசி வரை கேட்கும். நான் பக்கத்தில் நின்று பழக்கதோஷத்தில் "ஓம்", "ஓம்" என்பேன். முதல் நாள் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பூசை பண்ணுறியோ?"

"இல்லையடியப்பா, 'யெஸ்' எண்டதுக்கு நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

"அப்ப சரி. பூசையெண்டாலும் பரவாயில்லை, பிழை விடாமல் பண்ணு."

அதன் பிறகு வருடக்கணக்காக அவள் வாசித்தாள், நான் ஓம் சொன்னேன். என் முழுப் பெயர் சாரதாதேவி கணேசலிங்கம். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் நான் 'சாரா'. முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். நோயாளியின் பெயரைப் பிழையாக வாசிக்கிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை, கூட வேலை செய்கிறவளின் பெயரும் அப்படித்தான் என்பாள்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இரத்த வங்கியின் தலைமைப் பதவி காலியானது. மால்கம் க்ளோடெட்டை 'அக்டிங்' ஆகப் பார்க்கச் சொன்னார். அக்டிங் என்றால் வேலை முழுவதும் உனக்கு, கதவில் பெயர் மட்டும் இல்லை. ஷிப்ட் போடுவது அவள். சனி ஞாயிறு வீட்டுக்குப் போன் வந்தால் எடுப்பது அவள். பரிசோதகர்கள் வந்தால் பதில் சொல்வது அவள். பிறகு பதவிக்கு விளம்பரம் வரும், அவள் விண்ணப்பிப்பாள், வேறொருவர் வருவார். வந்தவருக்கு, இரத்தப் பைகள் வைக்கும் குளிரூட்டியின் சாவி எங்கே தொங்குகிறது என்பதிலிருந்து எல்லாவற்றையும் க்ளோடெட் பழக்குவாள். அவர் பழகி முடித்ததும் இன்னும் நல்ல இடம் பார்த்துப் போய்விடுவார். மறுபடி க்ளோடெட் அக்டிங். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் மத்தளமாக இருந்தாள்.

மால்கமைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றுவரை பத்திக்கொண்டு வரும். காலில் மெத்தென்ற சப்பாத்து. திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் பிள்ளைகள் என்ன பரீட்சை எழுதுகிறார்கள் என்று ஞாபகம் வைத்திருந்து கேட்பார். கோடையில் தன் வீட்டு மரத்துப் பிளம்ஸ் பழங்களைக் கடதாசிப் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் எல்லோரும் தேத்தண்ணி குடிப்பது மக்கில்தான், அவரும்தான். ஆனால் அவருடைய அறையில் கோப்பு அலுமாரிக்கு மேல் ஒரு பீங்கான் கோப்பையும் சோசரும் இருந்தன. வெள்ளை, விளிம்பில் மெல்லிய நீலக்கோடு. வேலை கிடைத்தவருக்கு மால்கம் நடைபாதையில் நின்றபடியே, "வாழ்த்துகள், நீங்கள்தான்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். கிடைக்காதவரைத்தான் அறைக்குக் கூப்பிடுவார். கதவை ஓசையில்லாமல் சாத்துவார். கோப்பையில் சுடுதண்ணி விட்டுச் சூடாக்கி, அதை ஊற்றிவிட்டு, பிறகு தேத்தண்ணி வார்ப்பார். சோசரில் பிஸ்கட் வைப்பார். அதைக் கையில் வாங்கியதும் உனக்கு வேலை இல்லை என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் பேசுவதெல்லாம் சும்மா மரியாதைக்கு. ஆய்வுகூடத்தில் இதைப் பகிடியாகச் சொல்லிக்கொள்வோம்: "அவளுக்குப் பீங்கானாம்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

க்ளோடெட்டுக்கு முதல் பீங்கான் கிடைத்தபோது காரணம், நிர்வாக அனுபவம் போதாது. அவள் வேலை முடிந்து மாலையில் போய் நிர்வாகப் படிப்புப் படித்து முடித்தாள். இரண்டாவது பீங்கானில் காரணம், ஒரே இடத்திலேயே அதிக காலம் இருந்துவிட்டாள். அவள் வேறொரு ஆய்வுகூடத்துக்குக் கொஞ்சக் காலம் போய் வேலை செய்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை மால்கமுக்குச் சொல்லக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இருந்த பிஸ்கட்டை உடைத்து எனக்குப் பாதி தந்தாள்.

"இந்த முறை என்னவாம்?"

"நான் 'ஸ்ட்ரோங்'காம். கொஞ்சம் வலுவாத் தெரியிறனாம். ஆக்கள் பயப்பிடுவினமாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்திய வருடம் நானும் ஒரு சிறிய பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட்டு, அதே கோப்பையில் தேத்தண்ணி குடித்திருந்தேன். எனக்குச் சொன்ன காரணம், நான் மிகவும் அமைதியானவளாம்.

"உனக்குச் சத்தம் கூட, எனக்குச் சத்தம் குறைவு. இந்தப் பதவிக்கு எவ்வளவு சத்தம் வேணும் எண்டு ஒருக்கா அளந்து சொன்னால் நல்லாயிருக்கும்" என்றேன். க்ளோடெட் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக் கதவு திறந்தது.

நான்காவது தடவை விளம்பரம் வந்தபோது அவள் போட மாட்டேன் என்றாள். ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று நான்தான் சொன்னேன். அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள்: இந்த முறை சத்தத்தைக் குறைத்துப் போவதாம், நான் அவளைப் பழக்க வேண்டுமாம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஈஸ்ட் ஹாமில் சாமான் வாங்க வேண்டியிருந்தது, அவளும் கூட வந்தாள். பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா எதிரே வந்தார். க்ளோடெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார்:

"என்ன சாரதா, இப்ப உந்தக் கறுவலளோடையோ திரியிறீர்?"

"அக்கா, உங்கட வீட்டில முகம் பாக்கிற கண்ணாடி இல்லையோ?" என்றேன்.

அவர் முகம் இருண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிறந்தநாளுக்கும், மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் எங்களுக்கு அழைப்புச் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் அவருடைய கூட்டமும் சொல்லாது. என் கணவர், "உனக்கேன் தேவையில்லாத சோலி?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும் க்ளோடெட், அந்த மனுசி என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"உன்ர உயரத்தைப் பற்றிக் கேட்டவ."

"சாரதாதேவி, உனக்குப் பொய் சொல்ல வராது" என்று என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பின்னேரம் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒத்திகை. நான் மால்கம், அவள் க்ளோடெட். கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன் ஒரு புன்னகை. குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் அவளை விடப் பெரிதாகக் கேட்டது. அவ்வளவு பெரிய மனுசி என் கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கிக்கொண்டு போனாள். தண்ணி குடிக்க வந்த என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"ஆரும் செத்துப்போச்சினமே? ஏன் ரெண்டு பேரும் உப்பிடிக் குசுகுசுக்கிறியள்?"

நான் அதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "திரும்ப முதல் கேள்வியிலயிருந்து கேள்" என்றாள்.

நேர்முகத்துக்கு முந்திய கிழமை, ஒரு பின்னேரம், பேறுகால வார்டிலிருந்து சோதனைக்கு ஒரு இரத்த மாதிரி வந்தது. முதல் பிள்ளை வயிற்றில் இருக்கிற ஒரு இளம்பெண். சிக்கிள் செல் நோய்க்காரி. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, இரத்தக் குழாய்களில் அடைத்து, உயிர் போகிற நோவு தருகிற நோய் அது. ஆபிரிக்க, கரிபியன் வழி வந்தவர்களுக்கே அதிகம் வரும். அப்படிப்பட்டவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்ற ஏற்ற இன்னொரு தொல்லை சேரும். பிறத்தியாரின் இரத்தத்தில் பொருந்தாத ஒன்றை உடம்பு ஒருமுறை எதிரி என்று அடையாளம் கண்டுவிட்டால், அந்த அடையாளம் சில காலத்தில் எங்கள் சோதனைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஆனால் உடம்பு மறக்காது. அதே வகை இரத்தம் மறுபடி ஏறினால், ஏற்றியதை முழுவதும் உடைத்துத் தள்ளும். ஆள் தப்புவது கஷ்டம்.

எங்கள் சோதனையில் எல்லாம் பொருந்தியது. இரண்டு பைகள் மேசையில் தயாராக இருந்தன. க்ளோடெட் அனுப்பவில்லை. வார்டுக்குப் போன் எடுத்து, இந்தப் பெண் முன்பு எங்கே வைத்தியம் பார்த்தவள் என்று கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி என்றார்கள். அங்கே போன் எடுத்தாள். பழைய பதிவைப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார்கள். அவ்வேளையில்தான் வார்டிலிருந்து இளம் வைத்தியர் ஒருவர் எடுத்தார். அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கணினியில் பொருந்துகிறது என்று இருக்கிறது, இன்னும் ஏன் இரத்தம் வரவில்லை?

"அவவுக்கு இரத்தம் போகுதோ?" என்று க்ளோடெட் கேட்டாள்.

போகவில்லை, ஆனால் சிவப்பணுக்களின் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார்.

"அப்ப மற்ற ஆஸ்பத்திரி பதில் சொல்லுமட்டும் பொறுங்கோ. நான் அதுக்கு முதல் அனுப்ப மாட்டன்."

அவர் இன்னும் கத்தினார். க்ளோடெட்டும் குரலை உயர்த்தினாள். ஒத்திகையில் தாழ்த்திய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. தாழ்வாரம் முழுவதும் கேட்டது.

"நீங்கள் எவ்வளவு கத்தினாலும் நான் மாட்டன். பிழையான இரத்தம் குடுத்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும்."

உங்கள் சீஃபிடம், இரத்த வங்கித் தலைவரிடம், போனைக் கொடுங்கள் என்றார் அவர்.

"நான்தான் சீஃப்" என்று போனை வைத்தாள்.

அக்டிங் என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மற்ற ஆஸ்பத்திரி எடுத்தது. சிறுமியாக இருந்தபோது ஏற்றிய இரத்தத்துக்கு அவள் உடம்பு எதிர்ப்புக் காட்டியிருக்கிறது, பதிவு இருக்கிறது என்றார்கள். மேசையில் இருந்த பைகளை மறுபடி பார்த்தோம். இரண்டுமே அவளுக்கு ஆகாது. இரத்தச் சேமிப்பு நிலையத்திலிருந்து வேறு பைகள் சைரன் ஊதிக்கொண்டு வந்தன. சோதித்தோம். க்ளோடெட் நின்று வாசித்தாள், குரல் நடுங்கவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னேன். பைகள் வைத்த பெட்டியை நானே மேலே வார்டுக்குக் கொண்டு போனேன். தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது.

அந்த வைத்தியரில் எனக்குக் கோபமில்லை. பயந்துபோன பெடியன், கண் முன்னால் ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறாள், வேறென்ன செய்வான்? ஆனால் அடுத்த நாள் அவர் மால்கமிடம் முறைப்பாடு செய்தார். போனில் பேசிய பெண் கடுமையாகக் கத்தினாளாம். தன்னைச் சீஃப் என்று சொன்னாளாம்.

மால்கம் கூப்பிடாமலே நான் அவருடைய அறைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டனான். என்ன நடந்ததெண்டு நான் சொல்லுறன்" என்றேன். சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"க்ளோடெட் செய்தது முற்றிலும் சரி. அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தத் தாய் அதிர்ஷ்டசாலி" என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. "ஆனால் சாரா, ஒரு செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியமல்லவா?" என்று சொல்லிக்கொண்டே எழும்பினார். அலுமாரிக்கு மேலே கையை நீட்டினார். பீங்கான் கோப்பையை எடுத்தார். சுடுதண்ணி விட்டுச் சூடாக்கத் தொடங்கினார்.

நேர்முகம் இன்னும் நடக்கவேயில்லை. அடுத்த கிழமைதான்.

"நீங்கள் அவருடைய தோழி. ஏமாற்றத்துக்கு அவரை மெல்ல மெல்லத் தயார்படுத்துவது நல்லது என்று நினைக்கிறேன்" என்றார். தேத்தண்ணி வார்த்தார். சோசரில் பிஸ்கட் வைத்தார். அவர் தெரிந்து செய்யவில்லை. மனிதரின் கைக்கு அது பழகிப்போயிருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்பார்கள். இந்த ஓநாய்க்குத் தான் ஓநாய் என்று தெரியவே தெரியாது.

"அவவுக்குச் சத்தம் கூட எண்டு சொன்னீங்கள். எனக்குக் குறைவு எண்டு சொன்னீங்கள். உங்களுக்கு எந்தளவு வேணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்துவிட்டார். "உங்களிடம் இவ்வளவு நகைச்சுவை இருப்பது தெரியாமல் போயிற்றே, சாரா" என்றார்.

தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அந்தத் தாழ்வாரத்தில் நடந்துவந்தபோது இருந்த தனிமையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவருக்கு விளங்காது. ஈஸ்ட் ஹாம் அக்காவுக்கு விளங்காது. வீட்டில் இருக்கிறவருக்கு இது தேவையில்லாத சோலி. விளங்குகிற ஒரே ஆளிடம்தான் இதைப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். "கோப்பையை எடுத்திட்டார், க்ளோடெட்."

அவள் கையில் இருந்த குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

"பிஸ்கட்டும் வைச்சவரோ?"

"ஓம்."

"அப்ப முடிஞ்சுது. இனி நான் குசுகுசுக்கத் தேவையில்லை."

நேர்முக நாளில் நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி இருந்துகொண்டு காது கொடுத்தோம். முன்னைய தடவைகளில் அந்த அறைக்குள் அவள் பேசியது வெளியே கேட்டதில்லை. இந்த முறை சொல் சொல்லாகக் கேட்டது. ஏன் அந்த இரத்தத்தை அனுப்பவில்லை, ஏன் சீஃப் என்று சொன்னேன், இத்தனை வருடம் யார் சீஃப் வேலை பார்த்தது என்று எல்லாவற்றையும் தாழ்வாரத்துக்கே வாசித்தாள். இப்படியான நேர்முகங்களுக்கு வெளி ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து இருக்க வேண்டும் என்பது விதி. அன்று வந்திருந்தவர் நரைத்த தலையுடைய ஒரு அம்மா. போகும்போது க்ளோடெட்டை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் மால்கம் தன் அறை வாசலில் வந்து நின்றார். "க்ளோடெட், ஒரு நிமிடம் வர முடியுமா?"

அவள் எழும்பவில்லை. "இஞ்சயே சொல்லுங்கோ, மால்கம். எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தானே."

எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். மால்கம் திரும்பி அறைக்குள் பார்த்தார். அங்கே சுடுதண்ணிக் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. கோப்பை இல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்ல அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை.

"இந்தச் சந்தர்ப்பத்தில்..." என்று தொடங்கி நிறுத்தினார். "இல்லை, க்ளோடெட். வருந்துகிறேன்."

"நன்றி" என்றாள். திரும்பி, "சாரதாதேவி, வா, வார்டுக்குப் பை போகவேணும்" என்றாள். வாசித்தாள். நான் ஓம் சொன்னேன்.

சில மாதங்களில் அந்த நரைத்த அம்மாவின் ஆஸ்பத்திரியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், தலைமைப் பதவி காலியானது. அவரே க்ளோடெட்டுக்குப் போன் எடுத்து, விண்ணப்பியுங்கள், மற்றது உங்கள் கையில் என்றாராம். க்ளோடெட் போட்டாள், கிடைத்தது. முதல் நாளே கதவில் பெயர். எனக்குப் போன் எடுத்துக் கத்தினாள், நானும் கத்தினேன், இருவரும் அழுதோம். போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு வேண்டிய கதை இவ்வளவுதான். இந்த இடத்தில் நிறுத்தினால் எல்லோரும் கை தட்டலாம்.

ஆனால் நான் அங்கேயே இருந்தேன். கொஞ்சக் காலத்தில் எங்கள் இரத்த வங்கியில் புதுக் கணினி முறை வந்தது. சாதாரணமான பைகளுக்கு ஒருவர் வாசிக்க மற்றவர் சரி சொல்லத் தேவையில்லை. கோட்டு அடையாளத்தில் ஒளியைப் பிடித்தால் இயந்திரமே 'பீப்' என்று சரி சொல்லும். நல்ல முறைதான், பிழை குறைவு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில நாட்களில் காலையில் வந்ததிலிருந்து போகும்வரை 'பீப்' தவிர வேறு சத்தமில்லை. புதுத் தலைவராக இருந்தவன், க்ளோடெட் முன்பு பழக்கிய ஒரு பெடியன், மரியாதையானவன். அவனுக்கும் நான் சாராதான். வீட்டில் என் கணவர் நோயில் படுத்து, பிறகு போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு ஈஸ்ட் ஹாம் அக்கா வந்தார், சாப்பிடாமல் போனார். க்ளோடெட் வந்தாள், சமையலறையில் நின்று வந்தவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கும்போது அவளுடைய ஆஸ்பத்திரியில் உதவித் தலைவர் பதவி வந்தது. "போடு" என்றாள். "எனக்குத் தெரியும், உன்னைவிட நல்ல ஆள் இல்லை. ஆனால் நான் நேர்முகப் பனலில் இருக்கேலாது. நீ என்ர சிநேகிதி எண்டு நானே எழுதிக் குடுத்திட்டன். நான் வெளியிலதான் நிப்பன்."

எனக்கு வேறொன்றும் வேண்டாம், அவள் வாசிக்க நான் ஓம் சொல்கிற இடத்தில் மிச்ச வருடங்களைக் கழித்தால் போதும் என்றிருந்தது. போட்டேன். குசினியில் தனியே நின்று ஒத்திகை பார்த்தேன், சத்தமாக. நேர்முகத்திலும் என்னால் முடிந்த அளவு சத்தமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முடிந்ததும் நடைபாதையில் ஒரு நாற்காலியில் இருக்கச் சொன்னார்கள். பிறகு, முடிவை என்னிடம் சொல்லச் சொல்லித் தருவதற்காக, தலைவரான க்ளோடெட்டை உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு திறந்து க்ளோடெட் வந்தாள். நான் முதலில் அவளுடைய கையைத்தான் பார்த்தேன். கோப்பை இல்லை. வெறுங்கை. அறைக்குள்ளும் கூப்பிடவில்லை, நடைபாதையிலேயே என்னை நோக்கி நடந்து வருகிறாள். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோசத்தில் எழும்பி நின்றுவிட்டேன்.

அவள் எனக்கு முன்னால் வந்து நேராக நின்றாள். கண் கலங்கியிருந்தது. அட்டையை வாசிக்கிற அதே குரலில், தாழ்வாரக் கடைசியில் போனவர்கள் திரும்பிப் பார்க்க, வாசிக்கத் தொடங்கினாள்.

"சாரதாதேவி கணேசலிங்கம்."

"ஓம்."

"உதவித் தலைவர் பதவி."

"ஓம்."

"உனக்கு இல்லை. வேலை தெரியுமாம், ஆனால் நீ அமைதியான ஆளாம்."

கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று சொன்னேனே. வெறுங்கையைப் பார்த்து நம்பிய எனக்குக் காதால் கேட்ட பிறகுதான் விளங்கியது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, என் பதிலுக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்.